ஊக்கு: 0.4 கிராம்

ஒரு ஜோடி ஹவாய்ச் செருப்பு.
பாலில் தொடங்கிக் குப்பையில் முடியும்வரை
அது பூமிக்கு வைத்துவிட்டுப் போகும் கடன் எவ்வளவு?
மார்ச் முப்பத்தொன்றுக்குள்
எழுதித் தர வேண்டும் நான்.

குலசேகரத்துக்கு மேலே
நாலு மணி இருட்டில்
நெற்றி விளக்கோடு நேசையன் பால் வெட்டினார்.
மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய
முந்நூற்று இருபது மரங்கள்.
பாவாடையை எழுதிக்கொண்டேன்.
அதை ஒட்டிய தாரையும்.
சிரட்டையிடம் வந்ததும் பேனா நின்றது.
தென்னைக்கு அது கழிவு, ரப்பருக்குப் பாத்திரம்,
யார் கணக்கில் வைப்பது?
"தேங்காய நான் தின்னாச்சு,
எழுதாண்டாம்" என்றார்.

ஆசிட் எத்தனை மூடி,
ஷீட் கழுவிய தண்ணீர் எந்த ஓடையில் இறங்குகிறது,
ஓடை பரளியாற்றை எங்கே தொடுகிறது,
புகைக்கூடத்தில் எரிவது என்ன விறகு.
வெட்டி முடிந்த ரப்பர் மரம்தான்.
தன் இனத்தின் பாலைத் தானே எரிந்து உலர்த்துகிறது.
மென்பொருள் அந்த வரியைச் சிவப்பாக்கியது:
பிழை. கணக்கு தன்னையே சுற்றுகிறது.

எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும்.
வேனின் டீசல் கோட்டுக்கு உள்ளே.
டிரைவர் அழகியமண்டபத்தில் குடித்த சாயா வெளியே.
கந்தகம் உள்ளே. சுண்ணாம்புத்தூள் உள்ளே.
அச்சிலிருந்து செருப்பைப் பிரித்தெடுக்கும்
லில்லிபாயின் ராத்திரி இருமல்
வெளியே.
இருமலுக்கு அலகு கிடையாது.

ஆயுள் என்ற கட்டத்துக்கு
எட்டு மாதம் என்றார் மேனேஜர்,
போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.
அந்த எட்டால்தான் எல்லாவற்றையும் வகுக்கிறோம்,
ஆற்றை, புகையை, மின்சாரத்தை.
சரிபார்க்கக் கடியபட்டணம் போனேன்.

பதினேழாவது வீடு.
மீன் சட்டியை இறக்கிவைத்துவிட்டு
பனியம்மாள் காலை நீட்டிக் காட்டினார்.
வலது செருப்புக்கு நீல வார்,
இடது செருப்புக்குப் பச்சை.
நீலம் சந்தையில் வாங்கியது,
அதன் ஜோடியை நாய் கொண்டுபோயிற்று.
பச்சை, கரையில் ஒதுங்கியது.
எந்த வருஷம் என்று கேட்டேன்.
ஒக்கி வந்த வருஷம்.
மேலே கேட்கவில்லை.

பச்சை வாரின் அடியில் ஓர் ஊக்கு,
துரு ஏறி, வளைந்து.
"பிய்ஞ்ச அன்னைக்கே குத்தினது பிள்ளே.
நாலு வருஷம் ஆச்சு. இன்னும் ஓடும்."

நின்ற இடத்திலேயே வகுத்துப் பார்த்தேன்.
நாற்பத்தெட்டை எட்டால்.
பரளியாற்றில் இறங்கிய கழிவுநீரில்
ஆறில் ஐந்து பங்கு
மேட்டில் ஏறித் திரும்பிப் போனது.
புகைக்கூடம் அணைந்தது.
லில்லிபாய் ஆறில் ஐந்து இரவு உறங்கினார்.
அந்த ஐந்து இரவுக்குச் சம்பளம்?
படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லை.

ஊக்கை எழுதினேன்:
இரும்பு, 0.4 கிராம்.

அறிக்கை திருத்தப்பட்டு வந்தது.
மொத்த எடையில் ஒரு சதவீதத்துக்குக் குறைவானதை
விட்டுவிடலாம் என்பது விதி.
விதி சரிதான்,
புதிதாய் வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பதுண்டு.
ஊக்கின் மேல் ஒரு கோடு.
ஆயுள்: எட்டு மாதம்.

நூற்றுப் பதினான்காம் பக்கத்தில்,
இணைப்பு நான்கின் அடிக்குறிப்பை மட்டும்
யாரும் அடிக்கவில்லை. படித்திருக்கமாட்டார்கள்.

மாதிரி எண் 17.
இறுதிநிலை: இன்னும் வரவில்லை.
கடைசியாகப் பார்த்தது காலை ஏழேகாலுக்கு,
மணவாளக்குறிச்சி ரோட்டில்,
தலையில் பன்னிரண்டு கிலோ சாளையோடு,
வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.